மாத்திரை ஊருக்கு, சோப்பும் தண்ணீரும் காலுக்கு

யானைக்கால் தடுப்பு மாத்திரையோடு வாசலில் வந்து நிற்பவரிடம் ஊருக்கு ஊர் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: “எனக்குத்தான் கால் நல்லா இருக்கே, எனக்கு எதுக்கு மாத்திரை?” நியாயமான கேள்வி. அதற்குச் சரியான பதில் சொல்லாமல் “கவர்மெண்ட் குடுக்குது, வாங்கிக்கங்க” என்று கையில் திணித்துவிட்டுப் போனால், அந்த மாத்திரை சாமி அலமாரியில் கிடந்து அடுத்த வெள்ளையடிப்பின்போது குப்பைக்குப் போகும்.

பதில் இதுதான். யானைக்கால் என்பது கொசு வழியாகப் பரவும் ஒரு புழுவால் வருவது. கால் பெருத்துப் போனவரின் ரத்தத்தில் பெரும்பாலும் புழுக்குஞ்சு இருப்பதில்லை. குஞ்சுகளை ரத்தத்தில் சுமந்துகொண்டு, கொசுவுக்குத் தினமும் ராத்திரி தீனி போடுபவர் பெரும்பாலும் கால் நன்றாக இருப்பவர்தான். வீக்கமில்லை, காய்ச்சலில்லை, வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். தனக்குள் புழு இருப்பதே அவருக்குத் தெரியாது. அதனால்தான் கால் நன்றாக இருப்பவருக்கும் மாத்திரை. வீங்கிய காலைப் பார்த்துப் பேருந்தில் தள்ளி உட்காருகிறோமே, அவரிடமிருந்து யாருக்கும் எதுவும் ஒட்டாது. பக்கத்தில் உட்கார்ந்தாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், கல்யாணம் செய்துகொண்டாலும் ஒட்டாது. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாததால் எத்தனை பெண்களின் கல்யாணம் நின்றிருக்கிறது என்று நினைத்தால் மனம் ஆறவில்லை.

புழுவின் பெயர் உச்செரேரியா பான்கிராஃப்டி. இந்தியாவில் யானைக்காலுக்கு ஏறக்குறைய முழுக் காரணமும் இதுதான். வளர்ந்த பெண் புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம், தடிமன் கால் மில்லிமீட்டர். ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளைத் தையல்நூலை வெட்டி வைத்தால் எப்படியிருக்குமோ அப்படி. ஆண் அதில் பாதிகூட இருக்காது. ஆணும் பெண்ணுமாகப் பின்னிக்கொண்டு நிணநீர்க் குழாய்க்குள் குடியிருக்கும். 6 முதல் 8 ஆண்டு உயிரோடிருக்கும். அந்தக் காலம் முழுக்கப் பெண் புழு லட்சக்கணக்கில் குஞ்சுகளை ஈன்றுகொண்டே இருக்கும்.

நிணநீர்க் குழாய் என்பது உடம்பின் வடிகால். ரத்தக் குழாய்களிலிருந்து சதைக்குள் கசிகிற நீரைத் திரட்டி மேலே ஏற்றி, மறுபடி ரத்தத்தில் சேர்ப்பது அதன் வேலை. நீர் கீழே திரும்பாதிருக்க உள்ளே நெடுக ஒருவழி வால்வுகள் உண்டு. புழு இந்தக் குழாயில் தக்கை மாதிரி அடைத்துக்கொள்வதாகப் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. புழு இருக்கும் இடத்தில் குழாய் தளர்ந்து அகலமாகிறது, வால்வுகளின் இதழ்கள் ஒன்றோடொன்று சேராமல் போகின்றன, நீர் மேலே ஏறாமல் காலிலேயே தேங்குகிறது. இது நடந்து முடிந்தபின் புழுவைக் கொன்றாலும் தளர்ந்த குழாய் பழையபடி ஆவதில்லை. மாத்திரை போட்டும் கால் வற்றவில்லையே என்ற ஏமாற்றத்துக்குக் காரணம் இங்கே இருக்கிறது.

குஞ்சுகள் கதை வேறு. ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளம். பகலில் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் ஒதுங்கிக் கிடந்துவிட்டு, ராத்திரி 10 மணியிலிருந்து 2 மணிவரை தோலுக்கடியிலுள்ள ரத்தத்துக்கு வந்து சேரும். சாக்கடைக் கொசுவான க்யூலெக்ஸ் கடிக்க வருவதும் அந்த நேரத்தில்தான். இந்தப் பொருத்தம் தற்செயலில்லை. பகலில் கடிக்கும் ஏடிஸ் வகைக் கொசு பரப்புகிற பசிபிக் தீவுகளிலும், நம் நிக்கோபாரின் நன்கௌரித் தீவுகளிலும் இதே புழுவின் குஞ்சுகள் பகலிலும் ரத்தத்தில் நடமாடுகின்றன. கொசு எப்போது வருமோ அப்போது வாசலுக்கு வந்து நிற்கப் பழகிய உயிர் அது.

கொசுவுக்குள் இந்தப் புழு வளர்வதை முதலில் பார்த்தவர் பேட்ரிக் மேன்சன். சீனாவின் அமோய் துறைமுகத்தில் வேலை பார்த்த மருத்துவர், ஆண்டு 1877. ஒரு பூச்சி மனித நோயின் ஒட்டுண்ணியைச் சுமந்து வளர்க்கிறது என்பது அதற்குமுன் யாரும் காட்டாத விஷயம். ஆனால் பாதிவரைதான் அவர் சரி. கொசு தண்ணீரில் விழுந்து செத்து, அந்தத் தண்ணீரைக் குடிப்பதால் மனிதனுக்குப் புழு வருகிறது என்று நினைத்தார். புழு கொசுவின் ஊசிவாய்க்குள் வந்து காத்திருப்பதை 1900இல் ஜார்ஜ் கார்மைக்கேல் லோ காட்டிய பிறகே மீதி விளங்கியது.

கொசு உறிஞ்சிய குஞ்சு அதன் நெஞ்சுத் தசையில் 10 முதல் 14 நாள் வளர்ந்தால்தான் அடுத்த மனிதனுக்குள் போகத் தகுதி பெறும். பெரும்பாலான கொசுக்கள் அதுவரை உயிரோடு இருப்பதில்லை. மலேரியாக் கிருமி கொசுவுக்குள் ஆயிரக்கணக்கில் பெருகும், இது பெருகாது. ஒரு குஞ்சு உள்ளே போனால் அதிகபட்சம் ஒரு புழு வெளியே வரும். அதுவும் ஊசி போட்டதுபோல ரத்தத்தில் நேராக இறங்குவதில்லை. கடிக்கும்போது தோலின்மேல் இறங்கி, கொசு போட்ட துளையைத் தானே தேடி நுழைய வேண்டும். தோல் காய்ந்திருந்தால் வழியிலேயே செத்துப்போகும். அதனால் யானைக்கால் ஓரிரு கடியில் வருகிற நோயில்லை. சொந்தக்காரர் வீட்டில் இரண்டு ராத்திரி தங்கியதற்காகப் பயப்படத் தேவையில்லை. பல வருடம், ராத்திரி ராத்திரியாக, நூற்றுக்கணக்கில் ஆயிரக்கணக்கில் கடி வாங்கினால்தான் ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில் சேர்ந்து குடும்பம் நடத்த முடியும்.

அந்தக் கடிகள் பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொடங்கிவிடுகின்றன. கால் வீங்குவதோ வாலிபம் தாண்டி. நடுவிலுள்ள ஆண்டுகள் ஓசையில்லாமல் கழிகின்றன. ஒரு மாவட்டத்தில் நோய் பரவுவது நின்றுவிட்டதா என்று பார்க்க ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளின் விரலில் ரத்தம் எடுக்கிறார்கள். பெரியவர் உடம்பில் இருப்பது பத்து வருடத்துக்கு முந்திய கடியாக இருக்கலாம். ஆறு, ஏழு வயதுக் குழந்தையிடம் புழுவின் தடயம் இருந்தால், அது அண்மையில் பரவியதுதான்.

சோதனையைப் பற்றிச் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. பழைய முறை ராத்திரி ரத்தத் தடவல். எட்டரை மணிக்கு மேல் வீடு வீடாகப் போய், விரலில் குத்தி, 20 கன மில்லிமீட்டர் ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிக் காயவைத்து, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது. பகலில் எடுத்த தடவலில் எதுவும் தெரியவில்லை என்றால் அதற்கு அர்த்தமே இல்லை. இப்போது வளர்ந்த புழு விடும் ஒரு பொருளைக் கண்டுபிடிக்கிற பட்டைச் சோதனை வந்திருக்கிறது. 75 மைக்ரோலிட்டர் ரத்தம் போதும், பகலிலும் செய்யலாம். இதில் நடக்கிற தவறு கடிகாரத்தில்தான். சரியாகப் பத்தாம் நிமிடம் படிக்க வேண்டும். வரிசையாகப் பத்துப் பதினைந்து பட்டைகளை வைத்துவிட்டு, அரைமணி கழித்து வந்து பார்த்தால், இல்லாதவருக்கும் கோடு மெல்லத் தெரியத் தொடங்கும். ஒவ்வொரு பட்டையிலும் ரத்தம் விட்ட நேரத்தைப் பேனாவால் எழுதிவைப்பது சின்ன வேலைதான். ஒரு மாவட்டத்தின் முடிவே அதனால் மாறும்.

இனி மாத்திரை. டிஇசி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டைஎத்தில் கார்பமசின், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகத சுப்பாராவ் தலைமையிலிருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தில் உருவாகி, 1940களின் கடைசியில் ஹெட்ராசான் என்ற பெயரில் வந்தது. எழுபது வருடம் தாண்டியும் இன்னும் அதுதான் முதல் மருந்து. ராத்திரி ராத்திரி இழுக்கும் வறட்டு இருமலுக்கு “ஈஸ்னோபில் ஏறியிருக்கு” என்று மருத்துவர் மூன்று வாரம் எழுதிக்கொடுப்பதும் பல நேரம் இதே மாத்திரைதான். ஈசினோபில் என்பது ரத்த வெள்ளணுக்களில் ஒரு வகை. நுரையீரலில் வந்து மாட்டும் புழுக்குஞ்சுகளோடு உடம்பு போடும் சண்டையே உண்மையான வெப்பமண்டல ஈசினோபிலியா. எல்லா இருமலும் அதுவல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஊர் முழுக்கக் கொடுக்கும்போது அளவு வயதுப்படி: 2 முதல் 5 வயதுக்கு 100 மில்லிகிராம், 6 முதல் 14 வரை 200, அதற்குமேல் 300. கூடவே அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரை 400 மில்லிகிராம் ஒன்று, மென்று விழுங்க வேண்டும். சில மாவட்டங்களில் மூன்றாவதாக ஐவர்மெக்டின் சேர்க்கிறார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, படுத்த படுக்கையாக உள்ள நோயாளி ஆகியோருக்குக் கொடுப்பதில்லை. ஐவர்மெக்டினுக்கு ஐந்து வயது ஆகியிருக்க வேண்டும். வெறும் வயிற்றில் வேண்டாம். கொடுப்பவர் முன்னாலேயே விழுங்குவது நல்லது. “அப்புறம் சாப்பிடுறேன்” என்று வாங்கி வைத்த மாத்திரை வயிற்றுக்குப் போவது அபூர்வம்.

அன்று சாயங்காலமோ மறுநாளோ சிலருக்குக் காய்ச்சல், தலைவலி, தலைசுற்றல் வரும். ஊரில் பத்துப்பேருக்கு இப்படி வந்துவிட்டால் போதும், அடுத்த ஆண்டு யாரும் கை நீட்ட மாட்டார்கள். இதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: பெரும்பாலும் ரத்தத்தில் குஞ்சு இருந்தவருக்குத்தான் இந்தக் காய்ச்சல். செத்த குஞ்சுகளைப் பார்த்து உடம்பு கொதிப்பது அது. ஒன்றிரண்டு நாளில் பாராசிட்டமாலோடு அடங்கும். யாருக்கு அந்த மாத்திரை மிகவும் தேவையாக இருந்ததோ அவரைத்தான் அது படுத்தியிருக்கிறது.

ஒருதடவை போட்டால் போதாதா? போதாது. டிஇசி குஞ்சுகளை நன்றாகக் கொல்லும். வளர்ந்த புழுவில் ஒரு பகுதியைத்தான் கொல்லும். மீந்த புழுக்கள் சில மாதத்தில் மறுபடி ஈனத் தொடங்கும். அதனால் புழு வயதாகிச் சாகும்வரை ஆண்டுக்கொரு தடவை ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். குறைந்தது ஐந்து சுற்று என்ற கணக்கு அங்கிருந்து வருகிறது. ஊரின் மொத்த மக்கள்தொகையில் நூற்றுக்கு 65 பேராவது ஒவ்வொரு சுற்றிலும் உண்மையிலேயே விழுங்கியிருக்க வேண்டும். இலங்கை 2002இலிருந்து 2006வரை இதை ஒழுங்காகச் செய்தது; 2016இல் உலக சுகாதார நிறுவனம் அங்கே யானைக்கால் ஒழிந்ததாக ஏற்றுக்கொண்டது. செய்யக்கூடிய வேலைதான் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது.

கொசுப் பக்கம் சுருக்கமாக. க்யூலெக்ஸ் சுத்தமான தண்ணீரைத் தேடாது. அடைத்த சாக்கடை, மூடியில் விரிசல் விட்ட செப்டிக் டேங்க், பாழுங்கிணறு, இவைதான் அதற்கு வீடு. செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் உச்சியில் ஒரு துண்டு கொசுவலையைக் கம்பியால் இறுக்கிக் கட்டினால் அந்த வழி அடைபடும். வலை வெயிலில் இற்றுப்போகும், வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கிணறுகளிலும் கழிவுநீர்க் குழிகளிலும் தெர்மோகோல் மணிகளைக் கொட்டிப் பார்த்தார்கள். மிதக்கும் மணிகள் மேலே ஒரு போர்வையாகப் படர்ந்துவிட, கொசு முட்டையிடவும் முடியவில்லை, கூத்தாடி மேலே வந்து மூச்சுவிடவும் முடியவில்லை. மாத்திரையோடு இதையும் சேர்த்த ஊர்களில், மாத்திரையை நிறுத்திய பிறகும் பலன் நின்றது. கேரளத்துச் சேர்த்தலையில் புழுவும் வேறு, கொசுவும் வேறு. அங்கே மான்சோனியா கொசுவின் கூத்தாடி ஆகாயத்தாமரையின் வேரைத் துளைத்து அதிலிருந்து மூச்சு வாங்கும். மேலே வரவே வராது. அங்கே செடியை வாரிப் போடுவதுதான் கொசு ஒழிப்பு.

ஏற்கெனவே வீங்கிய காலுக்கு வருவோம். இங்கேதான் சொல்ல நிறைய இருக்கிறது, கேட்பவர்களும் குறைவாக இருக்கிறார்கள்.

காலைத் தூண்போல ஆக்குவது புழு மட்டுமில்லை. நிணநீர் தேங்கிய கால் ஊறின நிலம் மாதிரி. எந்தக் கிருமி நுழைந்தாலும் தழைக்கும். நுழைகிற வாசல் பெரும்பாலும் விரலிடுக்கிலுள்ள சேற்றுப்புண். நாலாவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில், ஒன்றோடொன்று ஒட்டிய தோல் வெளுத்து, ஊறி, நடுவில் கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு இருக்கும். வலிக்காது, லேசாக அரிக்கும். அந்தக் கோட்டின் வழியாகக் கிருமி உள்ளே போகிறது. இரண்டொரு நாளில் நடுக்கும் குளிரோடு காய்ச்சல், தொடையிடுக்கில் நெறி கட்டுதல், கால் சிவந்து சூடாகித் தொட முடியாத வலி. ஐந்தாறு நாள் படுக்கை, பிறகு தோல் உரியும். காய்ச்சல் விட்டதும் எல்லாம் சரியானது போலிருக்கும். ஆனால் ஒவ்வொரு காய்ச்சலும் மிச்சமிருந்த வடிகால்களில் கொஞ்சத்தை அழித்து, தோலுக்கடியில் தழும்பை விட்டுப் போகிறது. கால் ஒரு படி ஏறுகிறது. முதலில் ராத்திரி படுத்தெழுந்தால் வற்றிவிடும் வீக்கம், பிறகு வற்றாத வீக்கம், பிறகு மடிப்பு, முடிச்சு, ஆழமான மடிப்பு, கடைசியில் பாசிபோலச் சொரசொரத்த தோல். இந்தப் படிகளில் ஏறவிடாமல் நிறுத்துவது கைக்கெட்டிய வேலை. பிரேசிலின் ரெசிஃபி நகரில் ஜெருசா டிரேயர் என்ற மருத்துவர் நோயாளிகளைக் கூட்டமாகச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான்: கழுவு, துடை, விரலிடுக்கைப் பார்.

கழுவும் முறை. தினம் இரண்டு வேளை. ஒரு வேளைதான் முடியும் என்றால் ராத்திரி படுக்கும் முன். வேண்டியவை ஒரு பேசின், ஒரு மக், ஒரு வாளி தண்ணீர், வாசனை குறைந்த சாதாரணக் குளியல் சோப்பு, மெல்லிய பருத்தித் துணி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவற்றை ஒரு செட்டாகத் தருவதுண்டு, கேட்டு வாங்கலாம். தண்ணீர் பச்சைத்தண்ணீராகவே இருக்கட்டும். சுடுதண்ணீர் வேண்டாம். வீங்கிய காலில் தொடு உணர்வு மந்தமாக இருக்கும், வெந்துபோனது தெரியாது. உப்புப் போட்ட வெந்நீர், தண்ணீர் கலக்காத டெட்டால், இரண்டுமே தோலைக் காயவைத்து வெடிக்கச் செய்யும். வெடிப்பு என்றால் இன்னொரு வாசல்.

முதலில் நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவருக்கு வீட்டிலுள்ள யாராவது பார்க்க வேண்டும். மடிப்புக்குள்ளும் பார்க்க வேண்டும். அதன்பின் கை கழுவிவிட்டு, காலை நனைத்து, சோப்பைக் கையில் நுரைத்து, வீக்கம் தொடங்கும் இடத்திலிருந்து, பெரும்பாலும் முழங்காலிலிருந்து, கீழ்நோக்கித் தேய்த்து வரவேண்டும். பிரஷ், பீர்க்கங்கூடு, கல் எதுவும் கூடாது, கை போதும். மடிப்புகளின் அடிவரைக்கும் விரலிடுக்கிலும் துணியை விரலில் சுற்றி மெதுவாக உள்ளே விட்டு எடுக்க வேண்டும். பேசினில் விழும் தண்ணீர் நுரையில்லாமல் தெளிவாகும்வரை அலச வேண்டும். மிச்சமான சோப்பும் அரிப்பைக் கொடுக்கும்.

பெரும்பாலானோர் கோட்டை விடுவது அடுத்த படியில்தான்: துடைப்பது. கழுவிய ஈரத்தோடு விட்டால் கழுவாமல் இருந்ததைவிட மோசம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். விரலிடுக்குக்குப் பெருத்த துண்டு நுழையாது. பழைய வேட்டியைக் கிழித்த நாடா நன்றாக நுழையும். ஒவ்வொரு இடுக்கிலும் விட்டு இழுத்து, துணி ஈரமில்லாமல் வரும்வரை செய்ய வேண்டும். கொஞ்ச நேரம் மின்விசிறிக் காற்றில் காட்டலாம். சேற்றுப்புண் இருந்தால் அதன்பிறகு க்ளோட்ரிமசோல் போன்ற பூஞ்சைக் களிம்பு, மெல்லிசாக. ஈரத்தின்மேல் களிம்பு போட்டாலோ, விரலிடுக்கில் எண்ணெயும் மஞ்சளும் அப்பினாலோ ஈரம் உள்ளேயே அடைபட்டு, புண் ஆறாது. இதைச் செய்பவர்கள் அக்கறையாகத்தான் செய்கிறார்கள். பலன்தான் எதிராகிவிடுகிறது.

உட்காரும்போது காலைத் தொங்கவிடாமல் இன்னொரு நாற்காலியில் தூக்கி வைப்பதும், படுக்கையின் கால்மாட்டில் பாய்க்கடியில் ஏதாவது வைத்து உயர்த்துவதும் நிணநீர் வடிய உதவும். இதயக் கோளாறு உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் உயர்த்தக் கூடாது. நின்றபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது, உட்கார்ந்தபடி பாதத்தைச் சுழற்றுவது, ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து தடவை. கெண்டைக்கால் தசை இறுகித் தளர்வதுதான் நிணநீருக்கு பம்பு. செருப்பு காற்றோட்டமாக, தட்டையாக, அளவு பெரிதாக இருக்க வேண்டும். எம்சிஆர் என்ற மெத்தென்ற ரப்பரில் செய்த செருப்பு நல்லது.

காய்ச்சல் வந்துவிட்டால் இதில் பாதியை நிறுத்த வேண்டும். பயிற்சி வேண்டாம், கட்டு வேண்டாம், தேய்க்க வேண்டாம். காலை உயர்த்தி வைத்து, நனைத்த துணியால் குளிர்ச்சி கொடுத்து, நிறைய தண்ணீர் குடித்து, பாராசிட்டமால் போட்டுக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். தேவைப்படுவது கிருமிக்கொல்லி மருந்து. அந்தச் சமயத்தில் டிஇசி போடக் கூடாது. கொப்புளத்தைக் குத்தி நீர் எடுப்பது, சூடு வைப்பது, அட்டை விடுவது எல்லாம் புதுப் புண்ணை உண்டாக்கும் வேலை.

விரைவீக்கம் தனி விஷயம். ஊர்ப்புறத்தில் ஓதம் என்பார்கள். யானைக்கால் புழுவால் உலகில் கால் வீங்கியவர்களைவிட விரை வீங்கிய ஆண்கள் அதிகம். வெட்கத்தால் வேட்டிக்குள் மறைத்துக்கொண்டே வாழ்நாளைக் கழிப்பவர்கள் உண்டு. அதற்கு மாத்திரையும் சோப்பும் பயன்படாது. அறுவை சிகிச்சை பயன்படும், நன்றாகவே பயன்படும். அரசு மருத்துவமனைகளில் செய்கிறார்கள்.

காலைக் கழுவத் தொடங்கியவர்கள் முதல் மாதத்திலேயே கேட்பது, “இன்னும் வத்தலையே?” நாடாவால் அளந்து பார்த்துச் சோர்ந்துபோகிறார்கள். அளக்கவேண்டியது சுற்றளவை இல்லை. சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில், நெறி கட்டிக் காய்ச்சல் வந்த நாளை வட்டமிட்டு வரவேண்டும். போன வருடத்துக் காலண்டரில் எத்தனை வட்டம், இந்த வருடத்தில் எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கழுவுவது சரியாக நடந்தால், கால் வற்றுவதற்கு வெகுமுன்பே வட்டங்கள் குறையும். வட்டம் குறையவில்லை என்றால், மறுபடி வெளிச்சத்தில் உட்கார்ந்து நாலாவது விரலிடுக்கிலிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும்.